ஒரு கால் சுற்று

கோதண்டபாணி மலைக்கு வந்து ஐந்து மாதம் ஆகியும் காவி கிடைக்கவில்லை. அவர் கேட்காமல் இருந்தார் என்று யாரும் குறை சொல்ல முடியாது. அமாவாசைக்கு அமாவாசை கேட்டார்.

அன்றும் கேட்டார்.

"சாமி, எனக்குத் தீட்சை எப்போ?"

சாமி காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

"ஆபீசரய்யா, அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரைக் கொஞ்சம் எடுங்க."

கோதண்டபாணி எடுத்துக் கொடுத்தார். பிறகு அறைக்குப் போய் நோட்டில் எழுதிக்கொண்டார்: 'தீட்சை பற்றிக் கேட்டேன். பதினேழு என்றார்.' மத்தியானம் வரை அந்தப் பதினேழைப் பற்றி யோசித்தார். சூட்சும உடலுக்குப் பதினேழு உறுப்பு என்று எப்போதோ படித்தது ஞாபகம் வந்ததும் அவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

சாமி காவி கட்டுவதற்கு முன்னால் இருபது வருஷம் லாரி ஓட்டியவர். சங்ககிரிப் பக்கம். ஒருநாள் லோடு இறக்கிவிட்டு, சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு மலையேறிவிட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கு இதுவரை பதில் சொன்னதில்லை. மலை சனங்கள் அவரை லாரிச்சாமி என்றார்கள். அவருக்கு நாற்பத்தாறு வயது. கோதண்டபாணிக்கு அறுபத்தொன்று. குரு சீடனைவிடச் சின்னவராக இருக்கக் கூடாது என்று எந்த சாஸ்திரத்திலும் இல்லை. ஆனாலும் காலில் விழுந்து எழும்போது கோதண்டபாணிக்கு முழங்காலும் மனசும் சேர்ந்தே கொஞ்சம் வலித்தன.

அவர் ஆரணியில் சார்கருவூலத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்புக் கதவு, இரட்டைப் பூட்டு, இரண்டு சாவி. பூட்டிய பிறகு பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்ப்பது நம் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். அவர் மூன்றுதரம் இழுப்பார். பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பிவந்து நாலாவது தரமும் இழுப்பார். மலைக்கு வந்த பிறகும் புத்தி மாறவில்லை. ஆயிரத்தெட்டு முறை மந்திரம் சொல்லச் சொன்னால், எண்ணிக்கை எங்காவது தவறியிருக்குமோ என்று கூடவே ஒரு நூற்றெட்டு சொல்வார். அந்த நூற்றெட்டிலும் ஒன்று தவறியிருந்தால் என்ன செய்வது? அதற்காக ஒரு பதினொன்று.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு ஓட்டு வீடு, ஒரு சிவன், ஒரு கொய்யாமரம், ஒரு பழைய வெள்ளைக் கார். கார் சேலத்து டாக்டர் ஒருவர் கொடுத்தது. சுற்றியிருந்த ஏழு ஊர்களுக்கும் நாலு சக்கரம் என்று இருந்தது அது ஒன்றுதான். பாம்பு கடித்தாலும் பிரசவ வலி எடுத்தாலும் ஆள் மடத்துக்குத்தான் ஓடிவரும். ஆம்புலன்சைக் கூப்பிடுவதென்றால் பாறைமேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும். அடிவாரத்திலிருந்து அது ஏறிவர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

போன வருஷம் பவளக்கொடி என்ற பெண்ணுக்கு வலி எடுத்தபோது, பிரேக் வேலைக்காகக் கார் சேலத்தில் நின்றிருந்தது. தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி மலையிலேயே பிள்ளை பிறந்தது. அழவில்லை. இப்போது பவளக்கொடிக்கு மறுபடியும் நிறைமாதம். நர்ஸ் சொன்ன தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. முன்கூட்டியே கீழே போய்ப் படுத்துக்கொள் என்றால், வரகு அறுக்காமல் கிடக்கிறது என்றாள். கார் இருக்கிறதே என்ற தைரியம்.

அந்தக் காரின் அடியில்தான் எண்ணெய் சொட்டியிருந்தது.

மறுநாள் காலை சாமி வேலையை ஆரம்பித்தார். கோதண்டபாணி கூட இருந்தார். கியர்பாக்ஸ் என்பது அலுமினியத்தில் செய்த ஒரு மூடிய பெட்டி, உள்ளே பல்சக்கரங்கள் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும் என்று சாமி விளக்கினார். பழைய எண்ணெயை வடிப்பதற்குப் பெட்டியின் அடியில் ஒரு நட்டு. புது எண்ணெயை ஊற்றுவதற்குப் பக்கவாட்டில், கொஞ்சம் மேலே, இன்னொரு நட்டு. ஒழுகியது கீழ் நட்டில்.

சாமி முதலில் மேல் நட்டைக் கழற்றினார். ஒழுகுவது கீழே, கழற்றுவது மேலேயா என்று கோதண்டபாணிக்குக் குழப்பம். கேட்டார்.

"கீழதைக் கழட்டி எண்ணெய் பூராவும் விட்டுப்போட்டு, அப்புறம் மேலது திறக்கலைன்னா என்னங்க பண்ணுவீங்க?"

கோதண்டபாணி நோட்டைத் தேடினார். இது நிச்சயம் குண்டலினி சம்பந்தப்பட்டது என்று அவருக்குப் பட்டது.

கீழ் நட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு செம்பு வாஷர் இருந்தது. நாள்பட இறுகிக் கல்லாகியிருந்தது. மலையில் புது வாஷருக்கு எங்கே போவது? சாமி அதைச் சமையல் அடுப்பில் போட்டுச் சிவக்கக் காய்ச்சினார். இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போட்டார். இப்படிச் செய்தால் செம்பு மறுபடியும் மெத்தென்று ஆகிவிடும், இனி நட்டோடு படிந்து உட்காரும் என்றார். வாஷரை மாட்டி, நட்டைக் கையாலேயே திருகி ஏற்றினார். கடைசியில்தான் ஸ்பேனரை எடுத்தார். ஓர் இடத்தில் நட்டு நின்றது. அதற்குமேல் மணிக்கட்டை மட்டும் அசைத்து ஒரு கால் சுற்று. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"அவ்வளவுதானா சாமி?"

"அவ்வளவுதானுங்க."

"இன்னும் கொஞ்சம் போகும்போல இருக்கே."

"போகுமுங்க. போகும்னா போயே ஆகணுமா?"

மேல் நட்டின் ஓட்டை வழியாக, டப்பாவில் இருந்த புது எண்ணெயை வழியும்வரை ஊற்றி மூடினார்கள். டப்பா காலியானது.

அடுத்த நாள் விடிந்ததும் கோதண்டபாணி போய்க் குனிந்து பார்த்தார். தரையில் ஒரு சொட்டு.

சாமியிடம் சொன்னார். வேலை செய்தபோது பெட்டிமேல் வழிந்த எண்ணெய் அது, இரண்டு நாள் சொட்டும், தானாக நின்றுவிடும், விடுங்க என்று சொல்லிவிட்டுச் சாமி ஓடைக்குக் குளிக்கப் போனார்.

'விடு என்றார்' என்று கோதண்டபாணி எழுதிக்கொண்டார். ஆசையை விடு, பற்றை விடு, எல்லாம் புரிந்தது. ஆனால் சொட்டு சொட்டாகவேதான் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பவளக்கொடியின் வயிறு அவர் கண்முன்னால் வந்தது. சொல்லப்போனால் அந்த மடத்தில் அவளைப் பற்றி அதிகமாகக் கவலைப்பட்டவர் அவர்தான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் புகுந்தார். ஒரு கால் சுற்று இறுக்கினார். வேட்டியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார். மனசுக்கு இதமாக இருந்தது.

அடுத்த நாள் சொட்டு சின்னதாகியிருந்தது. இறுக்கியதால்தான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் இறுக்கினார். மூன்றாம் நாள் தரை காய்ந்திருந்தது. நின்றது நின்றபடி இருக்க வேண்டுமே என்று அன்றும் ஒரு நூலளவு. சாமி ஓடைக்குப் போகும் நேரம் அவருக்குத் தோதாக இருந்தது. திருட்டு வேலை என்று அவர் நினைக்கவில்லை. சேவை என்றுதான் நினைத்தார்.

ஏழாம் நாள் இரண்டு சொட்டு. எட்டாம் நாள் நாலு.

இப்போது சாமி குழம்பிவிட்டார். நின்றுபோன ஒழுக்கு எப்படித் திரும்ப வந்தது? அடியில் படுத்துப் பார்த்தார். வேறெங்கிருந்தோ வழிந்து வந்து நட்டில் சொட்டுகிறதோ என்று சந்தேகம். பெட்டியைத் துணியால் சுத்தமாகத் துடைத்தார். எண்ணெய் எந்த வழியாக வருகிறது என்று தெரிய வேண்டுமானால் மாவுபோல ஏதாவது தூவிப் பார்க்க வேண்டும். மடத்தில் அப்படி இருந்தது விபூதிதான். கை நிறைய அள்ளிக் கியர்பாக்ஸ் முழுக்க அடித்தார்.

கோதண்டபாணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் பார்த்தால் மேலெல்லாம் வெள்ளை வெளேரென்று காய்ந்திருந்தது. நட்டைச் சுற்றி மட்டும் விபூதி ஈரமாகிக் கறுத்திருந்தது. குற்றவாளி நட்டேதான்.

"என் கையால இறுக்குனது" என்றார் சாமி. "ஒண்ணும் புரியலைங்க ஆபீசரய்யா."

குருவுக்கு ஒன்றும் புரியவில்லை என்பதைக் கோதண்டபாணி நம்பவில்லை. இது சோதனை. ஒன்றும் புரியவில்லை என்று சொல்லி, எதையோ புரியவைக்கப் பார்க்கிறார். சாமி ஒரு கொட்டாங்குச்சியைக் கொண்டுவந்து சொட்டுக்கு நேராக வைத்தார். நாளெல்லாம் சொட்டினாலும் அது பாதிகூட நிறையாது, அந்த அளவுக்கு வண்டி நிற்காது, பவளக்கொடியை இறக்கிவிட்டுக் கீழேயே பார்த்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாம் என்றார். பேசியதெல்லாம் பச்சைத் தமிழ். கோதண்டபாணி கொட்டாங்குச்சியை உடம்பு என்றும் எண்ணெயை ஆயுள் என்றும் எடுத்துக்கொண்டார். தொட வேண்டாம் என்பதற்கு மட்டும் அவருக்கு அர்த்தம் பிடிபடவில்லை. தொடாமல் எப்படி இருப்பது?

பன்னிரண்டாம் நாள் காலை, ஸ்பேனர் நகர மறுத்தது. கூரை வேலைக்கு வாங்கி மீந்திருந்த இரும்புக்குழாய்த் துண்டு ஒன்றை ஸ்பேனரின் வாலில் செருகி நீளமாக்கினார். இரண்டு கையாலும் அழுத்தினார். அசையவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு அழுத்து. நகர்ந்தது. சிரமமே இல்லாமல் நகர்ந்தது. ஒரு கணம் சந்தோஷப்பட்டார். அப்புறம் பார்த்தால், நட்டு நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

தொட்டதும் அது கையோடு வந்துவிட்டது. அதன் திருகு மரைக்குள் பெட்டியின் அலுமினியம் சுருள் சுருளாகச் சிக்கியிருந்தது. பெட்டிக்குள் மரை என்று எதுவும் மிச்சமில்லை. எண்ணெய் அவர் மணிக்கட்டில் விழுந்து முழங்கைவரை இறங்கியது. வேறொன்றும் தோன்றாமல் கட்டைவிரலை ஓட்டைக்குள் வைத்து அடைத்தார்.

கூப்பிட்டிருக்கலாம். சாமி ஓடையிலிருந்து திரும்பி வந்து, திருநீறு பூசி, கஞ்சி குடிக்கும் சத்தமெல்லாம் கேட்டது. கூப்பிட்டால் வருவார். வந்தால் சொல்ல வேண்டும். அரசாங்கத்தில் முப்பத்திநாலு வருஷம் ஒரு பூட்டைக்கூடக் கெடுக்காத மனுஷன், காருக்கடியில் விரலைக் கொடுத்துக்கொண்டு வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்தார்.

பத்து மணிக்கு யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. பவளக்கொடியின் புருஷன் அண்ணாமலை. மூச்சு வாங்கியது. காலையிலிருந்தே வலியாம், சொல்லாமல் களத்தில் நின்றிருக்கிறாள், இப்போது தாங்க முடியவில்லை என்றான்.

சாமி சாவியோடு வந்தார். காருக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டியிருப்பதைப் பார்த்தார்.

"வெளிய வாங்க ஆபீசரய்யா. வண்டியை எடுக்கணும்."

"வர முடியாதுங்க சாமி."

"ஏனுங்க?"

"விரலை எடுத்தா எண்ணெய் போயிடும்."

சாமி குனிந்து பார்த்தார். நட்டையும் குழாய்த் துண்டையும் பார்த்தார். அண்ணாமலை நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

சாமி கொய்யாமரத்தில் விரல் கனத்துக்கு ஒரு கிளையை முறித்தார். காய்கறிக் கத்தியால் அதை ஓர் ஆப்பாகச் சீவினார். இடுப்பு வேட்டியின் ஓரத்தைக் கிழித்து ஆப்பைச் சுற்றினார். கோதண்டபாணியை விரலை எடுக்கச் சொல்லி, ஆப்பை ஓட்டையில் வைத்துச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். போன எண்ணெய்க்குப் பதிலாக ஊற்ற டப்பாவில் எதுவும் இல்லை. சிவன் விளக்குக்கு வைத்திருந்த இலுப்பெண்ணெயை எடுத்துவரச் சொன்னார். கோதண்டபாணி ஒரு கணம் தயங்கினார். சாமி முறைத்த பிறகு ஓடினார்.

மேல் நட்டின் ஓட்டை வழியாக அரை லிட்டர் இலுப்பெண்ணெய் இறங்கியது. கிழித்ததில் மிஞ்சிய காவித்துணியைச் சாமி கோதண்டபாணியிடம் எறிந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறச் சொன்னார். ஐந்து மாதமாகக் கேட்ட காவி அவர் கைக்கு வந்தது அப்படித்தான். அவர் அதைக் கவனிக்கவில்லை. துடைத்துவிட்டு ஏறினார்.

பின் சீட்டில் பவளக்கொடி மாமியார் மடியில் தலை வைத்துச் சாய்ந்திருந்தாள். அண்ணாமலை ஓர் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். மலைப்பாதையில் பத்தொன்பது கொண்டை ஊசி வளைவுகள். சாமி இரண்டாவது கியரில் போட்டு, அதை மாற்றாமல் மெதுவாக இறக்கினார்.

மூன்றாவது வளைவில் கோதண்டபாணி வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிக் குனிந்து பார்த்தார். ஆப்பு இருந்தது. சொட்டிக்கொண்டும் இருந்தது.

"சொட்டுது சாமி."

"சொட்டட்டும். ஏறுங்க."

ஐந்தாவது வளைவில் மறுபடியும் நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் வேகமாகச் சொட்டுகிறதோ என்று சந்தேகம். எட்டாவது வளைவில் அவர் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தபோது, பின்னாலிருந்து ஒரு கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"அய்யா" என்றாள் பவளக்கொடி. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "நீங்க எறங்கி எறங்கிப் பாத்தது போதும். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு பதினொரு வளைவு. அடியில் சொட்டுகிறதா, ஓடுகிறதா, ஆப்பு எங்காவது விழுந்துவிட்டதா என்று ஒன்றும் தெரியாமல் வந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். மந்திரம் சொல்லப் பார்த்தார். எண்ணிக்கை மனசில் நிற்கவில்லை. அவ்வளவு பயத்தை அவர் வாழ்நாளில் பட்டதில்லை.

அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் கார் நின்றபோது மணி பதினொன்றே முக்கால். நாற்பது நிமிஷத்தில் பெண் குழந்தை பிறந்தது. அது அழுத சத்தம் வெளி வாசல்வரை கேட்டது. அண்ணாமலை சிரித்தான். கோதண்டபாணி அழுதுவிட்டார்.

அழுது முடித்ததும், வாசலில் இருந்த சிமென்டுப் பெஞ்சில் சாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். முதல் நாள் சொட்டிலிருந்து இரும்புக்குழாய் வரைக்கும். சாமி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளுங்க?"

"பன்னெண்டு."

"எனக்குக் கோபம் வருதுங்க" என்று சொல்லிவிட்டுச் சாமி எழுந்து டீக்கடைக்குப் போனார். கால் மணி நேரம் வரவில்லை. கோதண்டபாணி இனி மடத்தில் இடமில்லை என்று முடிவு செய்து, ஆரணிக்கு எந்த பஸ்ஸில் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். சாமி திரும்பி வந்தபோது கையில் இரண்டு டீ இருந்தது. ஒன்றை அவரிடம் நீட்டினார்.

"விபூதி அடிச்சுப் பார்த்தேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமில்லைங்களா? பன்னெண்டு நாளா என் கைமேலயே எனக்குச் சந்தேகம் வந்துபோச்சு."

"நீங்க சோதிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

"யாரை?"

"என்னை."

"நான் நட்டைத்தானுங்க பார்த்துட்டு இருந்தேன்."

அப்படியானால் பதினேழு? கொட்டாங்குச்சி? நோட்டில் தொண்ணூறு பக்கம் எழுதி வைத்திருந்தார். அதில் எத்தனை பக்கம் ஸ்பேனரைப் பற்றியது, எத்தனை பக்கம் ஆத்மாவைப் பற்றியது என்று அவருக்கே இப்போது குழப்பமாக இருந்தது. டீ ஆறிப்போயிற்று.

சுகாதார நிலையத்துக்கு நாலு கடை தள்ளி ஒரு லேத் பட்டறை இருந்தது. பட்டறைக்காரர் காரின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, இது யார் செய்த வேலை, மரை கழன்ற ஆளா என்று கேட்டார். நான்தான் என்று கோதண்டபாணி கையைத் தூக்கினார். பட்டறைக்காரர் சங்கடப்பட்டுப்போய், ஓட்டையைப் பெரிதாக்கி, உள்ளே புஷ் என்ற இரும்பு வளையம் ஒன்றை இறக்கி, அதில் புது மரை போட்டுக் கொடுத்தார். புது நட்டும் புது செம்பு வாஷரும் கிடைத்தன.

சாமி ஸ்பேனரைக் கோதண்டபாணியிடம் நீட்டினார்.

"நானா?"

"நீங்கதானுங்க."

கோதண்டபாணி காருக்கு அடியில் போய்ப் படுத்தார். நட்டைக் கையால் திருகி ஏற்றினார். நின்றது. ஸ்பேனரை மாட்டி, சாமி அன்று செய்ததுபோல மணிக்கட்டை மட்டும் அசைத்து ஒரு கால் சுற்று வைத்தார். நட்டு உட்கார்ந்துவிட்டது அவருக்கே நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் கை ஸ்பேனரிலேயே இருந்தது. மலை, பத்தொன்பது வளைவு, நாளைக்கு யாருக்கு என்ன ஆகுமோ, எல்லாம் அந்தக் கைக்குள் வந்து நின்றது.

"சாமி, போதுமுங்களா?"

சாமி வெளியே காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். குனிந்து பார்க்கவில்லை.

"நட்டுக்குப் போதுமுங்க ஆபீசரய்யா. உங்களுக்கு எப்போ போதும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

சாமி காத்துக்கொண்டு நின்றார். ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் இன்னும் வரவில்லை.